அம்மா கேட்ட கொடிக்கம்பம்

ஆகஸ்டு பிறந்துவிட்டால் நம் நாட்டில் கொடிகள் முளைக்கத் தொடங்கிவிடும். கார் கண்ணாடியில், மோட்டார் சைக்கிள் கைப்பிடியில், ஒட்டுக்கடை வாசலில், பள்ளி வேலியில் என்று எங்கு திரும்பினாலும் ஜாலூர் கெமிலாங்தான். செப்டம்பர் 16, மலேசியா தினமும் கழிந்த பிறகு அதே கொடிகளைப் பாருங்கள். பாதி, ஓரம் கிழிந்து நார் நாராகத் தொங்கும். சில, கம்போடு சாய்ந்து கால்வாயில் கிடக்கும். இதை நாட்டுப்பற்றுக் குறைவு என்று திட்டுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பாலும் அது கம்பத்தின் குறை. இன்னும் சரியாகச் சொன்னால், காற்றைக் கணக்கில் எடுக்காத குறை.

நமது கொடி மாதம் காற்று மாதமும்கூட. மேற்குக் கரையில் வாழ்பவர்களுக்கு இது புதிதல்ல. ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரை, சுமத்ரா தீவுப் பக்கமாக உருவாகி மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் இடிமழை வரிசைக்கு ‘சுமத்ரா’ என்றே பெயர். பெரும்பாலும் விடியலுக்கு முன்போ விடிந்த கையோடோ வந்து இறங்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். ஆனால் அந்த நேரத்துக்குள் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அறைந்துவிட்டுப் போகும். நாம் தூங்கிக்கொண்டிருக்கும்போது வாசலில் நிற்கும் கம்பம் அதைத் தனியாகத் தாங்க வேண்டும்.

எங்கள் வீடு தஞ்சோங் காராங் பக்கம். தாமானின் கடைசி வரிசையில் கோடி வீடு. முன்னால் ஒரு சாலை, சாலையைத் தாண்டினால் நெல் வயல், வயலுக்கு அப்பால் தென்னை, அதற்கும் அப்பால் கடல். காற்றைத் தடுக்க நடுவில் ஒன்றும் இல்லை. இப்படிப்பட்ட வாசலில்தான் அம்மா கொடிக்கம்பம் கேட்டார்.

போன வருஷம் ஜூன் மாதம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகத்தான் சொன்னார். “வாசல்ல ஒரு கொடிக்கம்பம் வேணும்ப்பா. கார்ல குத்துற குச்சிக் கொடி இல்ல. நல்ல கம்பம். காலையில நானே ஏத்தணும்.”

அம்மாவுக்கு அப்போது 72 வயது. அவர் பிறந்தது இதே மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. அதனால் வாழ்க்கையின் பெரும்பகுதி சிவப்பு அடையாள அட்டையோடு கழிந்தது. இங்கேயே பிறந்து, இங்கேயே பால் மரம் வெட்டி, எங்கள் நால்வரையும் படிக்க வைத்தவர், ஏதாவது பாரத்தில் ‘குடியுரிமை’ என்ற கட்டம் வந்தால் மட்டும் பேனாவை எங்களிடம் நீட்டிவிடுவார். நீல அட்டை கைக்கு வந்தபோது அவருக்கு வயது 61. 2018-ஆம் ஆண்டு மே 9, பொதுத் தேர்தல் அன்று, முதன்முறையாக வாக்களித்தார். விரலில் இருந்த மை அழியும்வரை அந்தக் கையால் பாத்திரம் கழுவவில்லை.

அப்படிப்பட்டவர் ஏற்றும் கொடி ஒரு விடிகாலைக் காற்றில் சேற்றில் கிடப்பதை நான் பார்க்க விரும்பவில்லை. அதற்கு முந்தைய வருஷம் எங்கள் தாமானிலேயே ஒரு வீட்டுக் கம்பம் அதிகாலை ஐந்து மணிக் காற்றில் பெயர்ந்து சாலையின் குறுக்கே விழுந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து விழுந்திருந்தால் அந்த இடத்தில் பள்ளி பஸ்ஸுக்குப் பிள்ளைகள் நின்றிருப்பார்கள். ஆகவே, கம்பம் வைப்பது என்று முடிவானதும் அது நிற்குமா என்ற கேள்வியை முதலில் வைத்துக்கொண்டேன். அழகு, விலை, உயரம் எல்லாம் அதற்குப் பின்னால்.

காற்றின் கணக்கு ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் எளிதாகப் புரியும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆடாமல் நிற்கும் கம்பம், 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு பங்கு சுமையைச் சந்திக்கிறது. ‘இவ்வளவு நாள் நின்றதே’ என்று நாம் நினைக்கும் கம்பம் ஒரே இரவில் விழுவது இதனால்தான். இன்னொன்று, காற்று தள்ளுவது உச்சியில் இருக்கும் கொடியை. வளைவதும் முறிவதும் அடியில். கம்பம் உயர உயர, அதே கொடி அடியை இன்னும் பலமாக நெம்பும். நீளமான கடப்பாரையால் பெரிய கல்லையும் புரட்டுகிறோமே, அதே வேலையைக் காற்று நம் கம்பத்தை வைத்துச் செய்கிறது.

கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கத்தில் நிற்கும் கம்பம் 95 மீட்டர் உயரம். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வீட்டுக் கம்பமும் கூரையைத் தாண்டி நிற்க வேண்டும் என்றுதான் ஆசை வரும். அந்த ஆசையை முதலில் இறக்கி வைக்க வேண்டும். ஒரு மாடி வீட்டு வாசலுக்குத் தரைக்கு மேல் 15 முதல் 20 அடி போதும்.

அடுத்தது, எதில் கம்பம்? அம்மாவின் தம்பி மூங்கில் என்றார். மூங்கில் நன்றாக வளைந்து கொடுக்கும், திடீரென்று முறியாது. ஆனால் மண்ணுக்குள் இருக்கும் பகுதி நம் ஈரத்தில் வெகு நாள் நிற்காது. ஒரு திருவிழாவுக்குச் சரி, வருஷக்கணக்கில் நிற்க வேண்டிய கம்பத்துக்குச் சரிவராது. தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் பி.வி.சி. மலிவு. வெயிலில் காய்ந்து காய்ந்து ஒரு நாள் சத்தமில்லாமல் உடையும். அலுமினியம் இலேசானது, துருப்பிடிக்காது, ஆனால் இரும்பு போல் விறைப்பாக நிற்க அதற்கு அதிகப் பருமன் தேவை. அதை எஃகு ஆணி, போல்ட் கொண்டு இறுக்கினால், உப்புக்காற்றில் அலுமினியம் அரிபடத் தொடங்கும்.

எவர்சில்வர் குழாயைப் பார்த்ததும் மனைவிக்குப் பிடித்துவிட்டது. பளபளவென்று இருந்தது. ஒரு கடையில் ‘இது துருவே பிடிக்காது’ என்று உறுதியாகச் சொன்னார்கள். குழாயின் வாயில் விரலை வைத்துப் பார்த்தேன். தகரம் போல் மெலிந்த சுவர். அது கேட்டுக்கும் மாடிப்படிக் கைப்பிடிக்கும் போடும் குழாய். எவர்சில்வரிலும் தரம் உண்டு. 201, 304, 316 என்று எண்ணால் சொல்வார்கள். 316 கடலோரத்துக்கு ஏற்றது, விலையும் அதற்கேற்றது. 304-இல் கடற்காற்று பட்டால் தேநீர்க் கறை போல் பழுப்புப் படியும். 201 இன்னும் சீக்கிரம் கறைபடும். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எவர்சில்வர் என்று நம்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 201-லும் காந்தம் அவ்வளவாக ஒட்டாது. அந்தச் சோதனையால் ஒன்றும் தெரியாது.

கடைசியில் நான் போய் நின்றது பழைய இரும்புக் கடையில், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயின் முன்னால். தண்ணீருக்கும் பந்தல் காலுக்கும் எல்லாரும் பயன்படுத்தும் அதே குழாய்தான். இதில் மூன்று வகுப்பு உண்டு. ஏ வகுப்புக்குப் பழுப்புப் பட்டை, பி வகுப்புக்கு நீலப் பட்டை, சி வகுப்புக்குச் சிவப்புப் பட்டை. பட்டையைப் பார்த்தே சுவரின் கனத்தைச் சொல்லிவிடலாம். இரண்டு அங்குலக் குழாயில் பழுப்பு 2.9 மில்லிமீட்டர், நீலம் 3.6, சிவப்பு 4.5. நான் எடுத்தது இரண்டு அங்குலம், நீலப் பட்டை. அம்மாவிடம் சொன்னபோது, “சிவப்புல இருந்து நீலம்தானே? சரி, எடு” என்று சிரித்தார்.

ஒன்றரை அங்குலம் போதாதா என்று கடை தவுக்கே கேட்டார். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் குழாயின் விறைப்பு அதன் பருமனோடு மிக வேகமாக ஏறும். ஒன்றரையிலிருந்து இரண்டு அங்குலத்துக்குப் போனால், வளையாமல் நிற்கும் தன்மை இரண்டு மடங்குக்கும் மேல் கூடுகிறது. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலம் வேறெங்கும் கிடைக்காது. குழாய் 6 மீட்டர் நீளத்தில் வரும். அதை வெட்டவும் இல்லை, வேறொன்றோடு ஒட்டவும் இல்லை. ஒட்டு இருக்கும் இடத்தில்தான் காற்று முதலில் கை வைக்கும். மூன்றடி மண்ணுக்குள் போனால் மேலே 17 அடி நிற்கும். நமக்கு அது போதும்.

கப்பி மாட்ட உச்சியில் ஒரு வளையத்தைப் பற்றவைத்துத் தருவதாக வெல்டிங் பட்டறையில் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். பற்றவைக்கும் சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும்; துரு அந்த இடத்தில்தான் பிறக்கும். எரியும் துத்தநாகப் புகை பற்றவைப்பவரின் நெஞ்சுக்கும் ஆகாது. போல்ட் போட்டு இறுக்கும் பட்டையில் கப்பியை மாட்டினோம். உச்சித் துளைக்கு மூடி போட்டோம். மூடி இல்லாவிட்டால் மழைநீர் உள்ளே இறங்கிக் கம்பத்தை உள்ளிருந்தே தின்னும். நல்ல காற்றில் ஊதல் போல் சத்தமும் வரும்.

இடம் பார்ப்பதற்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதன் முழு நீளத்துக்குள் மின்கம்பி இருக்கக்கூடாது, பக்கத்து வீட்டுக் கூரையும் இருக்கக்கூடாது, பிள்ளைகள் நிற்கும் சாலையோரமும் இருக்கக்கூடாது. வேலிக்கு வெளியே இருக்கும் புல் தரை நம்முடையது அல்ல. அங்கே எதையும் நடக்கூடாது. கேட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் பார்வையாக இருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். அங்கே மேலே மின்கம்பி, கீழே தண்ணீர்க் குழாய். கடைசியில் கோடி வீட்டுக்கே உரிய பக்கவாட்டு மண்ணில், முருங்கை மரத்தைத் தாண்டி இடம் அமைந்தது. சாலையில் போகிறவர்களுக்குக் கொஞ்சம் மறைவுதான். அம்மா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அடுப்படி ஜன்னலிலிருந்து தெரிகிறதே என்றார்.

குழி தோண்ட வந்த கொத்தனார் அண்ணன் பல கோயில் வேலைகளில் இருந்தவர். சங்குலை எடுப்பதற்கு முன் மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தார். “தம்பி, மேல ரெண்டடி கொட்டுன செம்மண்ணு. இத நம்பாதீங்க. கீழ இருக்கறது கடல் களிமண்ணு. அது சந்தனம் மாதிரி, வழுக்கிக்கிட்டே இருக்கும்.” கடலோரச் சிலாங்கூர் மண்ணைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. கம்பத்தின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு மண்ணுக்குள் போனால் போதும் என்பது பொதுவான கணக்கு. அது கெட்டித் தரைக்கு. எங்கள் மண்ணுக்கும் எங்கள் காற்றுக்கும் மூன்றடி, அதுவும் அகலமான கான்கிரீட்டோடு என்று முடிவு செய்தோம்.

இரண்டடிக்கு இரண்டடி சதுரம், மூன்றரை அடி ஆழம். மூன்றடியைத் தொட்டதும் தண்ணீர் கசிந்தது. வாளியால் இறைத்து, அடியில் அரை அடிக்குச் சரளைக்கல் கொட்டி இடித்தோம். அதன் மேல் நான்கு அங்குலப் பி.வி.சி. குழாய் ஒன்றை நடுவில் செங்குத்தாக நிறுத்தினோம். இதுதான் கம்பத்தின் உறை. சுற்றிலும் ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு கல் என்ற கலவையில் கான்கிரீட். பன்னிரண்டு கன அடி. இரண்டு மூட்டைக்குச் சற்று அதிகமாகச் சிமெண்டு பிடித்தது. அந்தக் கட்டியின் எடை ஏறக்குறைய 800 கிலோ. மேலே நிற்கப்போகும் குழாயின் எடை 30 கிலோ. காற்றோடு மல்லுக்கட்டும் வேலை, பார்வைக்குத் தெரியாத அந்த 800 கிலோவுக்குத்தான்.

கம்பத்தை நேராகக் கான்கிரீட்டிலேயே புதைத்துவிடலாமே, உறை எதற்கு என்று மூத்த மகன் கேட்டான். புதைத்தால் பிறகு எடுக்க முடியாது. துருப்பிடித்தாலோ வளைந்தாலோ கான்கிரீட்டை உடைக்க வேண்டும். உறைக்குள் கம்பத்தை இறக்கி, சுற்றிலும் காய்ந்த மணலைக் கொட்டிக் குத்திக் குத்தி இறுக்கினால் பாறை போல் பிடிக்கும். வேண்டும்போது மணலை எடுத்துவிட்டுக் கம்பத்தை உருவலாம். மணலை இறுக்கும்போதே கம்பத்தை நிமிர்த்திக்கொள்ளவும் கொஞ்சம் இடம் கிடைக்கும். கான்கிரீட்டின் மேற்பரப்பைத் தட்டையாக விடாமல், தண்ணீர் வெளியே ஓடும்படி சுற்றிலும் சரிவாகத் தேய்த்தார் அண்ணன். தரையும் காற்றும் சந்திக்கும் அந்த ஓரத்தில்தான் எந்தக் குழாயும் முதலில் துருப்பிடிக்கும். குழாயின் அடி நாலடிக்கு இரண்டு முறை தார்ப் பூச்சு அடித்தோம்.

அடுத்த நாளே கம்பத்தை நிறுத்தும் அவசரம் வீட்டில் எல்லாருக்கும் இருந்தது. ஏழு நாள் சாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னார் அண்ணன். அந்தப் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டார். காலை மாலை இரண்டு வேளையும் செடிக்கு ஊற்றுவது போல் ஊற்றினார். “கோயில்ல கொடிமரத்துக்கு எல்லாம் ஊத்துறது பாலு. இதுக்குத் தண்ணிதான் பாலு” என்று அண்ணனிடம் சொல்லிச் சிரித்தார்.

காற்றில்லாத ஒரு காலையில் மூன்று பேர் சேர்ந்து கம்பத்தை நிமிர்த்தினோம். இரண்டு பக்கம் கயிறு பிடிக்க, ஒருவர் அடியை உறைக்குள் வழிகாட்ட, சத்தமில்லாமல் இறங்கியது. தூக்குக்குண்டு கட்டி வடக்கிலிருந்து ஒரு முறை, கிழக்கிலிருந்து ஒரு முறை பார்த்து, மரச் சில்லுகளை அண்டக் கொடுத்து, மணலை இறுக்கி, வாயைத் தாரால் அடைத்தோம். ரசமட்டத்தை ஒரு பக்கம் மட்டும் வைத்துப் பார்த்தால் போதாது. இரண்டு திசையில் பார்க்காத கம்பம் ஏதாவது ஒரு ஜன்னலிலிருந்து கோணலாகத் தெரியும்.

குழாய், சிமெண்டு, கல், கயிறு, கூலி எல்லாம் சேர்த்து ஆயிரம் வெள்ளியைத் தொடவில்லை.

இனிக் கொடி. ஜாலூர் கெமிலாங்கின் அகலத்துக்கு நீளம் இரண்டு மடங்கு. கடைகளில் கிடைப்பதில் இரண்டுக்கு நான்கு அடி, மூன்றுக்கு ஆறு அடி என்ற அளவுகள் வீட்டுக்குப் பொருந்தும். அம்மா பெரியதைத்தான் எடுத்தார். கொடியின் நீளம் கம்பத்தின் உயரத்தில் கால் பங்கு இருக்கலாம் என்பது வழக்கம். 17 அடிக் கம்பத்துக்கு நான்கடிக் கொடி. பெரிய கொடியின் பரப்பு 18 சதுர அடி, சிறியதின் பரப்பு 8. காற்று பிடிக்கும் துணி பாதிக்கும் கீழே குறைகிறது. கடைசியில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். தினமும் சிறிய கொடி. ஆகஸ்டு 31, செப்டம்பர் 16 இரண்டு நாளும், வானம் தெளிவாக இருந்தால், பெரியது.

கயிறு விஷயத்தில்தான் அதிகம் யோசித்தேன். ஏனென்றால் கம்பத்தை நிறுத்தியது மூன்று பேர். கொடியை ஏற்றி இறக்கப்போவது மூட்டு வலியுள்ள இரண்டு கைகள். மெல்லிய கயிறு உள்ளங்கையை அறுக்கும். நைலான் நனைந்தால் நீளும். எட்டு மில்லிமீட்டர் பருமனில் பின்னிய பாலியெஸ்டர் கயிறு எடுத்தோம். கையில் நன்றாகப் பிடிபடும், வெயிலையும் தாங்கும். கயிற்றைச் சுற்றிக் கட்டும் கொக்கியை என் உயரத்துக்கு வைக்காமல் அம்மாவின் நெஞ்சு உயரத்துக்கு வைத்தோம். பட்டறையில் இருந்தவர் இரண்டு முறை கேட்டார், இவ்வளவு தாழ்வாகவா என்று.

கொடி தலைகீழாக ஏறினால் செய்தியாகிவிடும் காலம் இது. கயிற்றின் இரண்டு முனையிலும் ஒரே மாதிரிக் கொக்கி இருந்தால் யாருக்கும் ஒரு நாள் மாறிப்போகும், அதிலும் விடியாத வெளிச்சத்தில். அதற்குக் கப்பல்காரர்கள் பழங்காலத்திலேயே வழி கண்டிருக்கிறார்கள். கொடியின் மேல் மூலையில் ஒரு சிறு மரக்கட்டை, கீழ் மூலையில் ஒரு கயிற்று வளையம். மரக்கட்டை வளையத்துக்குள்தான் நுழையும், வளையம் வளையத்தோடு சேராது. தப்பாக ஏற்ற நினைத்தாலும் முடியாது. நீலக் கட்டமும் பிறையும் பதினான்கு முனை நட்சத்திரமும் கம்பத்தை ஒட்டி மேலே. பதினான்கு கோடுகள் அதைத் தொடர்ந்து. அம்மா இரண்டே நாளில் கண்ணை மூடிக்கொண்டு மாட்டப் பழகினார்.

முதல் வாரத்தில் பக்கத்து வீட்டு மக்சிக் வேலியோரம் வந்து, இராத்திரி முழுக்க ‘டிங் டிங்’ என்று ஏதோ தட்டுகிறதே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தளர்ந்த கயிறு இரும்புக் குழாயில் அடிக்கும் சத்தம். இரவில் கயிற்றைக் கம்பத்திலிருந்து விலக்கி இழுத்து வேலிக் காலில் ஒரு கட்டுக் கட்டினால் போதும். அன்றிரவிலிருந்து சத்தமில்லை. கொடிக்கம்பம் வைக்கிறவர்கள் இதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். நம் வீட்டுக் கொடி அடுத்த வீட்டுத் தூக்கத்தைக் கெடுக்கக்கூடாது.

இவ்வளவு செய்த பிறகும் காற்றுக்கு எதிரான மிகப் பெரிய பாதுகாப்பு இரும்பிலும் கான்கிரீட்டிலும் இல்லை. நேரத்தில் கொடியை இறக்குவதில்தான் இருக்கிறது. கொடி இல்லாத கம்பத்தில் காற்றுக்குப் பிடிக்க இரண்டு அங்குலம்தான் உண்டு. சுமத்ரா வருவது பெரும்பாலும் நாம் தூங்கும் நேரத்தில் என்பதால் மாலையிலேயே இறக்கிவிட வேண்டும். தாமானில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. மெர்டேக்கா மாதத்தில் கொடியை இறக்குவதா என்று ஒருவர் அம்மாவிடமே கேட்டுவிட்டார். அம்மா அவருக்குச் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. “கோயில்ல கொடியேத்தம்னா ஊரே வருது. கொடியிறக்கத்துக்கும் பூசை உண்டுல்ல? மரியாதையா ஏத்தி மரியாதையா இறக்கணும். காத்து வந்து இறக்குற வரைக்கும் விடக்கூடாது.”

ஒரு விஷயத்தில் மட்டும் அம்மாவோடு நான் கடுமையாகப் பேச வேண்டியிருந்தது. இடிச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் கம்பத்துக்குப் பக்கத்தில் போகவே கூடாது. இடி கேட்கும் தூரத்தில் இருக்கிறோம் என்றால் மின்னல் எட்டும் தூரத்திலும் இருக்கிறோம். நனைந்த கயிறும் இரும்புக் கம்பமும் கையில் இருக்க வேண்டிய நேரம் அது அல்ல. கொடிக்கம்பம் இடிதாங்கி ஆகாது. அதை நம்பி வீடு பத்திரம் என்றும் நினைக்கக்கூடாது. ‘கொடி நனைஞ்சிடுமே’ என்றார். நனையட்டும், கிழியட்டும், இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்றேன். அரை மனதோடு ஒப்புக்கொண்டார். வானம் மேற்கில் கறுத்தால், இடிக்குக் காத்திராமல் உடனே இறக்குவது என்று தானாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்.

ஆகஸ்டு மூன்றாம் வாரத்தில் சோதனை வந்தது. விடிகாலை ஐந்து மணி இருக்கும். கூரைத் தகடு படபடக்கும் சத்தத்தில் எல்லாரும் விழித்துவிட்டோம். மழை கிடையாகப் பெய்தது. மின்சாரம் போய்விட்டது. மின்னல் வெளிச்சத்தில் அடுப்படி ஜன்னல் வழியே கம்பம் தெரிந்தது. உச்சி ஒரு சாண் இந்தப் பக்கம், ஒரு சாண் அந்தப் பக்கம் என்று ஆடிக்கொண்டிருந்தது. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொடி மடித்துப் பீரோவில் இருந்தது. “ஆடட்டும். ஆடுனாத்தான் முறியாது” என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

விடிந்ததும் தூக்குக்குண்டோடு போய்ப் பார்த்தேன். ஒரு நூல்கூடச் சாயவில்லை. கான்கிரீட்டைச் சுற்றி மண்ணில் வெடிப்பு எதுவும் இல்லை. தாமானில் முருங்கைக் கிளைகளும் ஓரிரு கூரைத் தகடுகளும் விழுந்திருந்தன. சாலையோரக் குச்சிக் கொடிகளில் பாதி வயலுக்குள் கிடந்தன. பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் நானும் மகனும் இறங்கி அவற்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தோம். அம்மா அவற்றை அலசிக் காய வைத்தார்.

கம்பம் வைக்க நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு பராமரிப்புக் குறிப்புகளையும் சொல்லிவிடுகிறேன். மாதம் ஒரு முறை கம்பத்தைக் கையால் அசைத்துப் பாருங்கள். உறைக்குள் மணல் தளர்ந்திருந்தால் அடியில் மெல்லிய ஆட்டம் தெரியும். கொடியின் வெளி ஓரத்தில் முதல் நூல் பிரிந்ததுமே வெட்டி மடித்துத் தைத்துவிடுங்கள். விட்டால் ஒரே காற்றில் கோடு கோடாகக் கிழியும். கயிறு கப்பியில் உராயும் இடத்தைப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு முறை தரையை ஒட்டிய அரை அடியைச் சுரண்டிப் பார்த்துப் பூச்சு அடியுங்கள். சாயம் வெளுத்த கொடியைப் பறக்க விடாதீர்கள்.

கம்பத்தின் உச்சியைப் பார்த்துத்தான் எல்லாரும் பாராட்டுகிறார்கள். அம்மா மட்டும் இன்னும் அந்தக் கான்கிரீட்டைத் தினமும் ஒரு முறை பார்க்கிறார். அதன் ஓரத்தில் புல் முளைத்தால் பிடுங்கிப் போடுகிறார். ஏழு நாள் தண்ணீர் ஊற்றியவர் அல்லவா. இந்த வருஷம் இரண்டாவது கொடி வாங்க வேண்டும் என்று பட்டியலில் எழுதி வைத்திருக்கிறார். அதே அளவு, இரண்டுக்கு நான்கு. பக்கத்து வீட்டு மக்சிக்கும் தம் வீட்டுக்கு ஒரு கம்பம் கேட்டிருக்கிறார். கொத்தனார் அண்ணன் வரும் ஞாயிறு அங்கே மண்ணைப் பிசைந்து பார்க்க வருகிறார்.